இசோ இசோவென்று நடந்தவர்

அன்று காலை என் கணவர் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தார்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தெய்ஜி லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் எத்தனையோ கட்டடங்களின் லிஃப்ட் கதவுகள் அவர் சொன்னால் திறக்கும், மூடும். வீட்டில் ஒரு ஊறுகாய் டப்பாவின் மூடியைக்கூட அவர் திறந்து கொடுத்ததில்லை. முகமும் ஒரு லிஃப்ட்தான், எந்த மாடியில் நிற்கிறது என்று காட்டும் விளக்கு மட்டும் எரியாது. உள்ளுக்குள் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழரைக்கு. நேத்தே சொன்னேன்."

"திரும்பி வர?"

"ஆறாகும். அதையும் நேத்தே சொன்னேன்."

"ஆறுக்கு முன்னாடி வராதில்ல?"

"யமனாஷி வரைக்கும் போய்த் திராட்சை பறிச்சு, வெந்நீர் ஊத்துல குளிச்சிட்டு வரணும். ஆறுக்கு முன்னாடி எப்படி வரும்? நேத்து வச்ச கறி குளிர்பெட்டியில இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"ம்."

தெரு மகளிர் சங்கம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி ஒருநாள் பயணம் போகும். நான் ஒன்றையும் விட்டதில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசல்வரை வந்து நின்றிருந்தார். "அவசரப்படாம வா" என்றார். "நல்லா சுத்திப் பாத்துட்டு வா."

எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்தபடி தெருமுனைக்குப் போனேன்.

போன் வந்தபோது நான் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தேன். சங்கத் தலைவியின் கைப்பேசிக்கு, எங்கள் தெருமுனை அரிசிக்கடைக்காரர் முரோய் பேசினார். தலைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதியை என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு சொன்னார். அரிசிக்கடைக்குப் பக்கத்தில், குளிர்பான இயந்திரத்தின் முன்னால் விழுந்தாராம். இதயம். ஆம்புலன்ஸ் வந்தபோதே முடிந்திருந்தது. பஸ் உடனே ஊருக்குத் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே வைத்திருந்த திராட்சைப் பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. வெந்நீர் ஊற்றுக்கு யாரும் போகவில்லை.

மறுநாள் சடங்கு மண்டபத்தில் இரவு விழிப்புக்குத் தெரு முழுக்க வந்திருந்தது. தூபம் போட்டுவிட்டு, பக்கத்து அறையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். இப்போதெல்லாம் மண்டபத்துக்காரர்களே சுஷி வைத்துவிடுகிறார்கள். அரிசிக்கடைக்காரரின் மனைவி முரோய் அம்மா மட்டும் பழைய ஆள். சாவு வீட்டில் மீனா என்று முகத்தைச் சுளித்து, வெள்ளரிக்காய் வைத்த உருண்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். எல்லோரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். துன்பப்படாமல் போனார், முகம் தூங்குகிற மாதிரி இருக்கிறது, இப்படி. அப்போதுதான் முரோய் அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுகையோடு சொன்னார்:

"காலையில அவ்வளவு இசோ இசோன்னு போயிட்டிருந்தாரே மனுஷன்..."

அவர் கணவர் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டியதை நான் பார்த்தேன். முரோய் அம்மா வாயை மூடிக்கொண்டார். காது மடல் வரைக்கும் சிவந்துபோனார். பிறகு வெள்ளரி உருண்டை ஒன்றை எடுத்து, அதை மெல்லுவதற்கு நியாயமாக ஆகக்கூடிய நேரத்தைவிட அதிக நேரம் மென்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமலிருக்க முயன்றார்கள்.

எங்கள் மொழியில் நடப்பதற்கென்று இருக்கும் இரட்டைச் சொற்கள் கணக்கில் அடங்காதவை. கிழவர் நடப்பதற்கு ஒன்று, யானை நடப்பதற்கு ஒன்று, குடித்தவன் நடப்பதற்கு ஒன்று, வேலையில்லாதவன் நடப்பதற்கு இரண்டு மூன்று. கால் எழுப்பும் சத்தத்தைச் சொல்பவை சில. சத்தமே இல்லாத ஒன்றைச் சொல்பவை சில. இசோ இசோ இரண்டாவது வகை. அது வெறும் வேகம் அல்ல. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் இசோ இசோவென்று ஓடுவதில்லை. பல் டாக்டரிடம் யாரும் இசோ இசோவென்று போனதாக வரலாறு கிடையாது. போகிற இடத்தில் ஒரு சந்தோஷம் காத்திருக்க வேண்டும். மனம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உடம்பு அதை அடக்க ஒடுக்கமாகப் பின்தொடர வேண்டும். பேரன் பிறந்திருக்கிறான் என்று கேட்ட கிழவி பலகாரப் பொட்டலத்தோடு கிளம்புவது இசோ இசோ. காதலனைப் பார்க்கப் போகிற பெண் கண்ணாடி முன்னால் மறுபடி ஒருமுறை தலையைச் சரிசெய்வது இசோ இசோ.

ஆகவே, மனைவி ஊரில் இல்லாத நாளில் எழுபது தாண்டிய ஒருவர் இசோ இசோவென்று போனார் என்றால், கேட்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சொன்னவர் வாயை வேறு மூடிக்கொண்டார்.

எனக்கு இருந்த சிக்கல் இதுதான். இறந்தவருடைய ஆவி நாற்பத்தொன்பது நாள் வீட்டுக் கூரை முகட்டை விட்டுப் போகாது. அதுவரை அவர் நம் வீட்டு ஆள். சாம்பல் கலசம் வெள்ளைத் துணி போர்த்திய மேடையில், புகைப்படத்துக்கு முன்னால் இருக்கும். அவரிடம் பேசலாம், கேட்கலாம், கோபித்துக்கொள்ளலாம். நாற்பத்தொன்பதாம் நாள் கலசம் கல்லறைக்குப் போகும். அவர் புத்தராகிவிடுவார். புத்தரை எப்படித் திட்டுவது? திட்ட வேண்டியது ஏதாவது இருந்தால், அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

தெரியாமலேயே கொஞ்சம் திட்டத் தொடங்கினேன். முன்பணம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் படைக்கும் முதல் கிண்ணச் சோற்றை மேலாக எடுக்காமல் அடியில் பிடித்ததைச் சுரண்டி வைத்தேன். தேநீரை ஆறவிட்டு வைத்தேன். ஊதுவத்தியில் மலிவானதாகப் பார்த்து வாங்கினேன். ஒரு வாரம் கழித்துப் புகைப்படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அனுதாபம் சொல்ல யாராவது வந்தால் மட்டும் முன்பக்கம் திருப்புவேன்.

ஆனால் மனம் ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை. அவருக்காக வாதாடவும் என்னிடம் ஒன்று இருந்தது. நான் சங்கப் பயணம் முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் வாசலிலேயே தேயிலை வறுத்த மணம் வரும். வாணலியில் தேயிலையை அவரே வறுத்து, புதுத் தேநீர் போட்டு வைத்திருப்பார். ஜன்னல்களெல்லாம் திறந்திருக்கும். வேறு எந்த நாளிலும் அடுப்பைத் தொடாத மனிதர். அந்த ஒரு கோப்பைக்காகவே பஸ்ஸில் வரும்போது நான் எதுவும் குடிக்காமல் வருவேன். எங்கேயோ ஒருத்தியை வைத்திருப்பவர் இதைச் செய்வாரா? செய்வார் என்றும் தோன்றியது. அந்த மாதிரி ஆட்கள்தான் செய்வார்கள் என்றும் தோன்றியது.

கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஹாட்சுயோ என்பவர் காபிக்கடை வைத்திருக்கிறார். கணவரை இழந்தவர். அறுபதைத் தாண்டியும் உதட்டுச் சாயத்தை விடாதவர். எங்கள் தெரு ஆண்கள் அவர் கடையைக் கடக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வேறு ஆள் எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் மதியம் போய் ஒரு காபி சொன்னேன்.

அவர் காபியை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, என் பெயரோடு மரியாதைக்கான 'சான்' சேர்த்துப் பேசினார்.

"வருவீங்கன்னு தெரியும் சுமியெசான். தாமதமாத்தான் வந்திருக்கீங்க."

"நான் எதுவும் கேக்கலையே."

"தெருவே கேக்குது. ஒரு மாசமா என் கடையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கிறாங்க. நேத்து மீன்கடையில எனக்கு முன்னாடி நின்னவங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. சரி, நேராவே சொல்றேன். உங்க வீட்டுக்காரர் இந்தக் கடைக்கு எத்தனையோ தடவை வந்திருக்காரு."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கழிப்பறைக்கு" என்றார். "கால்வாய் ஓரமா நடைப்பயிற்சி போனா அவரால தாங்க முடியாது. வருவாரு, தலையைக் குனிஞ்சுட்டே உள்ள போவாரு, வெளிய வந்து ஒரு காபி வாங்கிப் பாதி குடிச்சிட்டு ஓடிருவாரு. வேகமாத்தான் வருவாரு, ஒத்துக்கறேன். ஆனா அதை யாரும் இசோ இசோன்னு சொல்ல மாட்டாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"என்னைத் தேடிக்கிட்டு ஒருத்தராவது அப்படி நடந்து வந்திருந்தா நான் ஏன் மறைக்கப் போறேன்? போர்டுல எழுதி மாட்டியிருப்பேன்." ஏப்ரனைக் கழற்றினார். "எழுந்திருங்க. அந்த முரோய் அம்மாவையே போய்க் கேப்போம். உங்களுக்குத் தெரியணுமோ இல்லையோ, எனக்குத் தெரிஞ்சாகணும்."

அரிசிக்கடையில் முரோய் அம்மா தவிட்டைச் சலித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் சல்லடை நின்றது. அவர் கணவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நெமொதோ வாத்தியார், பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், ஐந்து கிலோப் பையோடு வெளியே வரப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்குப் போகிற எண்ணம் அவருக்கு அதோடு போய்விட்டது.

"முரோய்சான், அன்னிக்குச் சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தை" என்று தொடங்கினேன்.

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே."

"இசோ இசோன்னு சொன்னீங்க. நான் ஊதுவத்தி ஏத்துறப்பெல்லாம் அதுதான் கேக்குது."

நெமொதோ வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அது சொவா சொவாவா இருந்திருக்கலாம். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நிலைகொள்ளாம இருக்கிறது. அதுல சந்தோஷம் இருந்தே ஆகணும்னு கிடையாது. கவலையாவும் இருக்கலாம். ஜனங்க இப்பல்லாம் ரெண்டையும் கலந்து பேசறாங்க."

"வாத்தியாரே, பார்த்தவ நான்."

"பார்த்தா மட்டும் போதாதுங்க. பார்த்ததுக்குச் சரியான சொல் வேணும்."

"அப்ப உங்க சொவா சொவாவை நடந்து காட்டுங்க. பார்ப்போம்."

அரிசிப் பையைக் கீழே வைத்தார். நான்கு அடி முன்னால் நடந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பினார். கழுத்தை நீட்டித் தூரத்தில் எதையோ தேடினார். மறுபடி கடிகாரம்.

"இவருதான் என் கழிப்பறைக்கு வந்தவரு மாதிரி இருக்கு" என்றார் ஹாட்சுயோ.

"என்னைக் கேட்டா" என்று முரோய் துடைப்பத்தோடு நடுவில் வந்தார், "அவரு சும்மா செகா செகான்னுதான் போனாரு. அதாவது காரணமில்லாத அவசரம். வயசானா வர்றது." துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பரபரவென்று நடந்து காட்டினார். இந்த வார்த்தையோடு பேச்சை முடித்துவிட அவருக்கு அவ்வளவு ஆசை என்பது தெரிந்தது. சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போனாள்.

முரோய் அம்மா பொறுமை இழந்தார். நல்ல சொல் ஒன்றைத் தான் சரியாகச் சொல்லியிருக்க, அதை ஆளாளுக்குக் கெடுப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏப்ரனை அவிழ்த்து எறிந்தார்.

"தள்ளுங்க எல்லாரும். எப்படிப் போனாருன்னு நான் காட்டுறேன். அதுக்கப்புறம் அது என்ன வார்த்தைன்னு நீங்களே சொல்லுங்க."

பாலத்தின் அருகே போய் நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். நடக்கத் தொடங்கினார்.

முரோய் அம்மா குட்டையானவர், பருமனானவர். என் கணவர் கழி மாதிரி ஒல்லி. ஆனாலும் முதல் சில அடிகளிலேயே அந்த உடம்பு மறந்துபோனது. தோள்கள் இரண்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தன, பின்னாலிருந்து யாரோ மெதுவாகத் தள்ளுவது போல. அடிகள் சிறியவை. வேகமாகப் போகிறோம் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்கிற வேகம். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த விளக்கில்லாத முகம்தான். ஆனால் தாடை மட்டும் லேசாக முன்னால் நீண்டு, வாய் இறுகி, உள்ளே ஒரு சிரிப்பைக் கடித்து வைத்திருந்தது. வலது கை எதையோ மார்போடு அணைத்திருந்தது. அரிசிக்கடை அம்மாவின் உடம்பில் என் கணவர் எங்களைக் கடந்து நடந்து போனார்.

இந்த நடையை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய நடையெல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"இசோ இசோதான்" என்றார் நெமொதோ வாத்தியார், தன் பையைத் தூக்கிக்கொண்டு. "திருத்தம் எதுவும் இல்லை."

"நில்லுங்க" என்றேன் நான்.

முரோய் அம்மா நின்றார். எங்கள் சந்துக்குள் நாலைந்து அடி போயிருந்தார்.

"ஏன் அந்தப் பக்கம் நடக்கிறீங்க?"

"அவரு இந்தப் பக்கம்தானே போனாரு."

"அது என் வீட்டுக்கு வர்ற வழி."

இசோ இசோ என்றால் வெளியே கிளம்புவது என்றே எங்கள் எல்லோருக்கும் காதில் பழகிப்போயிருக்கிறது. பேச்சிலும் அப்படித்தான் வரும், கதைகளிலும் அப்படித்தான் வரும். வீடு திரும்புகிற ஒருவரைப் பற்றியும் அதைச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அந்த இரவு மண்டபத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அச்சகத்தில் வருஷக்கணக்காகப் பிழை திருத்திய எனக்கும் தோன்றவில்லை.

"அப்ப என் கடைக்கு முதுகைக் காட்டிட்டுல்ல போயிருக்காரு" என்றார் ஹாட்சுயோ. அவருக்குப் பெரிய நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததாகப் பட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்திருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்கிறார். அடிப்பிடித்த சோறும் ஆறிய தேநீரும் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. கைக்குட்டையைத் தேடினேன். அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோகும்போதுதான் இன்னொன்று தோன்றியது.

நான் வீட்டில் இல்லையே.

"முரோய்சான். கையில என்ன வச்சிருந்தாரு?"

முரோய் அம்மா கணவரைப் பார்த்தார். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"சொல்லிடு. எனக்கு விஸ்கி நாறுது."

"நாப்பத்தொன்பது முடியட்டுங்க. துக்க வீட்டுக்குள்ள மீன் போகக்கூடாது. என் மாமியார் காலத்துலேர்ந்து..."

"மீனா?"

"குசாயா" என்றார் முரோய், மனைவிக்காகக் காத்திருக்காமல்.

குசாயா என்பது தீவுக்காரர்கள் செய்யும் கருவாடு. பல தலைமுறையாக மாற்றாத பழைய உப்புநீரில் மீனை ஊறவைத்துக் காயவைப்பார்கள். சும்மா இருக்கும்போதே வாசனை தெரியும். அடுப்பில் ஏற்றினால் வீட்டில் ஏதோ பெரிய குற்றம் நடந்ததுபோல் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் அதைச் சுட்டார். மாடியில் குடியிருந்தவர் எரிவாயுக் கம்பெனிக்குப் போன் செய்து, இரண்டு பேர் குழாயைச் சோதிக்க வந்துவிட்டார்கள். இனி இந்த வீட்டில் அது அடுப்பேறினால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரையே எடுத்ததில்லை. அவருக்கு அந்த ஆசை விட்டுப்போனதாக நினைத்திருந்தேன்.

"மீன்கடையில சொல்லி வச்சு வரவழைப்பாரு" என்றார் முரோய் அம்மா, இப்போது தடையில்லாமல். "அன்னிக்கு விழுந்தப்போ பொட்டலம் எங்க வாசல்ல உருண்டுச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட முடியுமா? பதட்டத்துல எங்க பனிப்பெட்டியில வச்சோம். அப்புறம் எப்படிக் கொண்டாந்து தர்றது? அதான் நாப்பத்தொன்பது ஆகட்டும்னு."

"ஐஸ்கட்டியெல்லாம் அந்த வாசனைதான்" என்றார் முரோய். "தினமும் விஸ்கியில போட்டு ஒரு கிளாஸ். மனுஷனுக்குச் செய்ற மரியாதைன்னு குடிக்கிறேன்."

"வரவழைப்பாருன்னா? எத்தனை தடவை?"

நெமொதோ வாத்தியார் அரிசிப் பையில் அச்சிட்டிருந்ததைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

"நீங்க சங்கத்தோட கிளம்புற நாள்ல எங்க வீட்டுல யாரும் மாடியில துணி காயப்போட மாட்டோம்" என்றார் முரோய் அம்மா.

"எங்க வீட்டுலயும்தான்" என்றார் வாத்தியார், பையைப் பார்த்தபடியே.

"வாசனை பாலத்துக்கு அந்தப்பக்கம் வரைக்கும் வரும். அந்த நடையையும் இதையும் சேத்துப் பாக்கத்தான் எனக்குத் தோணல" என்றார் ஹாட்சுயோ. "ஆனா நல்லவரு. நீங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, தேயிலையைப் போட்டு வறுவறுன்னு வறுப்பாரு. வாசனை போறதுக்கு."

அந்த இடத்தில் நான் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் எப்படித் திட்டுவது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது, கேட்டும் படித்தும் பழகியது. கருவாட்டிடம் கணவரைப் பறிகொடுத்தவள் என்ன செய்வாள்? அதைவிட மோசம், எனக்குப் போட்டி அந்தக் கருவாடுகூட இல்லை. நான் இல்லாத வீடுதான் எனக்குப் போட்டி. "ஆறுக்கு முன்னாடி வராதில்ல" என்று கேட்டது. ஜிப்பை மூடிவிட்டது. "அவசரப்படாம வா" என்றது. எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து தலை குனிந்து நின்றன.

"நான் கிளம்பினதுல அவ்வளவு சந்தோஷம்" என்றேன்.

"சுமியெசான்" என்றார் முரோய் அம்மா. "அன்னிக்குக் காலையில பஸ்ஸுக்கு நீங்க எப்படிப் போனீங்கன்னு நினைக்கிறீங்க?"

"எப்படிப் போனேன்? நேரமாச்சு. பரபரன்னு போனேன்."

"இல்லைங்க."

அவர் மறுபடி எங்கள் சந்துக்குள் போய்த் திரும்பி நின்றார். இந்தமுறை கைப்பையைத் தோளில் சரிசெய்வது போல ஒரு கை, தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது போல இன்னொன்று. சின்னச் சின்ன அடிகள். உயர்ந்த தோள்கள். ஒருமுறை கடை ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களைத் தாண்டி, பஸ் நிற்கும் திசையில் போனார்.

"நான் அப்படியெல்லாம் நடக்க மாட்டேன்."

நெமொதோ வாத்தியார் ஹாட்சுயோவைப் பார்த்தார்.

"திருத்தம் இல்லை" என்றார்.

இந்தச் சொல்லின் கஷ்டம் இதுதான். நான் இசோ இசோவென்று போனேன் என்று யாரும் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. சொல்ல முடியாது. பார்த்த இன்னொருவர்தான் அதை நமக்குத் தர வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்திருக்க மாட்டாரா என்ன? வாசலில் நின்று, நான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எத்தனையோ தடவை பார்த்திருப்பார். ஒருநாளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து புகைப்படத்தை நேராகத் திருப்பி வைத்தேன். ஊதுவத்தி ஏற்றவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தேன்.

"கருவாட்டை விட்டுடறேன்" என்றேன். "நானும் கொஞ்சம் சந்தோஷமாத்தான் போயிருக்கேன்னு தெருவே சொல்லுது. அது அதோட போகட்டும். ஆனா தேயிலை இருக்கே, அதை விட மாட்டேன். பஸ்ஸுல தாகத்தோட வந்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு? ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து குடிச்சோமே, அப்ப ஒரு தடவையாவது முகத்தைக் காட்டியிருக்கலாம்ல?"

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் பேசினேன். பிறகு அழுதேன், அந்த வீட்டில் முதல்முறையாகச் சத்தம் போட்டு. அழுது முடித்து, மறுநாளிலிருந்து மேல்சோறே வைத்தேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டோம். முந்தின நாளே முரோய் அம்மாவிடம் போய்ப் பொட்டலத்தைக் கேட்டேன்.

"நாளைக்குச் சடங்கு முடிஞ்சதும் தர்றேன்."

"முடிஞ்சா அவரு போயிடுவாரு. இப்பவே குடுங்க."

"மேடையில மீன் வைக்கக் கூடாதுங்க."

"மேடையில வைக்க மாட்டேன். அடுப்புல வைப்பேன். அடுப்பு சமையலறையில இருக்கு. கதவு திறந்திருக்கும். புகை எங்க போகணும்னு நான் சொல்ல முடியுமா?"

யோசித்தார். மாமியார் காலத்து விதிகளில் புகையைப் பற்றி எதுவும் இல்லை போலிருக்கிறது. கொடுத்துவிட்டார். பின்னாலிருந்து முரோய் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

காலையில் துறவி வருவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்தேன். தோல் பொரியத் தொடங்கியதும் வாசனை எழுந்து சமையலறையை நிறைத்து, நடையைக் கடந்து, வெள்ளைத் துணி போர்த்திய மேடைக்குப் போனது. நான் தடுக்கவில்லை. தெருவில் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. யாரும் எரிவாயுக் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இருபக்கமும் சுட்டேன். தேயிலை வறுக்கவில்லை.

துறவி வாசலிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்து, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து சூத்திரம் ஓதினார். மூச்சு வாங்கும் இடங்கள் வழக்கத்தைவிட நீளமாக இருந்தன. அது அருவருப்பு என்று நினைத்து நான் தலை குனிந்திருந்தேன். ஓதி முடித்து, மேடைக்கு வணங்கி, என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார்:

"இது நீஜிமா தீவுச் சரக்குங்களா?"

கல்லறையிலிருந்து திரும்பி வந்தபின் எல்லோருமாக அதைப் பிய்த்துச் சாப்பிட்டோம். முரோய் அம்மாவும் சாப்பிட்டார், விரதம் முடிந்துவிட்டதால். நெமொதோ வாத்தியார் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டார். ஹாட்சுயோ, இதற்குத் தன் கடைக் காபிதான் பொருத்தம் என்று சொல்லி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். பொருந்தவில்லை. நானும் ஒரு துண்டை வாயில் வைத்தேன். வாசனை அளவுக்கு மோசமில்லை. இதை அங்கே யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் போனபிறகு முள்ளையும் தலையையும் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். அப்படியும் வாசனை வந்தது. இன்னொரு பையில் போட்டுப் பின்பக்கத்தில் வைத்தேன். அன்று ஞாயிறு. எங்கள் தெருவில் எரிக்கும் குப்பையைச் செவ்வாயும் வெள்ளியும்தான் எடுக்கிறார்கள்.